மன்னிப்புக் கேட்ட நகரசபை

ஆர்டிஸ் டோலெஃப்சன் டோர்விக் நகரசபையின் செயலாளராகச் சேர்ந்தது 1967இல். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருக்கும் ஊருக்கு நகரசபை என்ற பெயரே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மினசோட்டா சட்டம் எங்களை நகரம் என்கிறது, நாங்களும் மறுத்துப் பேசுவதில்லை. தண்ணீர் வரி, நாய் உரிமம், கல்லறையில் இடம், கவுன்சில் கூட்டக் குறிப்பு, கோடையில் கொசு மருந்து, குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டிக்கு டீசல் என எல்லாமே அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேயர்கள் வந்தார்கள், போனார்கள். ஆர்டிஸ் அசையவில்லை.

சேர்ந்த மறு வருஷம் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் பால் வண்டிக்காரர் ஒருவர் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். பள்ளத்தைச் சுற்றி விளக்கு வைக்க மறந்தது நகரசபை. அன்று சாயங்காலம் ஆர்டிஸ் கொத்துக்கறியும் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி, அடுப்பில் சுட்டு ஒரு ஹாட்டிஷ் செய்தாள். எங்கள் பக்கம் பிறப்புக்கும் இறப்புக்கும் காய்ச்சலுக்கும் அதுதான் போகும். அதை மூடி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், "விளக்கு வைக்காதது எங்க தப்புங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள். பால்காரர் பொக்கை வாயால் சிரித்தார். முன்பல் போன மனிதருக்கு மெல்லுவதற்கு அதைவிடச் சுலபமான சாப்பாடு வேறு இல்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நடைபாதைக் கல் தடுக்கி விழுந்தவர், பனி வண்டி அஞ்சல் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போன வீட்டுக்காரர், சாக்கடை எதிர்த்து வந்து நிலவறை நாறிப்போனவர் என ஒருவரையும் அவள் விட்டதில்லை. எங்கள் ஊரில் பாத்திரம் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அதன் அடியில் ஒரு காகித ஒட்டுப்பட்டையை ஒட்டி அதில் பெயர் எழுதுவார்கள். ஆர்டிஸ் தன் காசில் வாங்கிய பாத்திரத்தில் தன் பெயரை எழுதவில்லை. 'டோர்விக் நகரம்' என்று எழுதினாள். மன்னிப்புக் கேட்பது நான் இல்லை, ஊர் கேட்கிறது என்பது அவள் கட்சி.

இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தாள். தேதி, இடம், பெயர், கொண்டுபோன சாப்பாடு, பிறகு சரிசெய்தது என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டம் நிரம்பும்வரை பொதுப்பணி பார்க்கும் நார்பர்ட்டை அவள் தூங்கவிடமாட்டாள்.

இத்தனை வருஷத்தில் நகரசபை மேல் ஒருவர்கூட வழக்குப் போட்டதில்லை. பாதி உண்ட ஹாட்டிஷ் வீட்டில் இருக்கும்போது எந்த முகத்தோடு வக்கீலைப் பார்க்கப் போவது?

இப்படியே போயிருந்தால் இதில் எழுத ஒன்றும் இல்லை. 1985 வந்தது. அந்த வருஷம் நாடு முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் நகரசபை என்றாலே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. யாராவது விழுந்து, வழக்குப் போட்டு, நீதிமன்றம் பெரிய தொகையைக் கட்டச் சொன்னால் அதை ஏற்கும் பொறுப்புக் காப்பு இருக்கிறதே, அதைத் தொடவே கம்பெனிகள் பயந்தன. ஒவ்வொரு வருஷமும் இரண்டு பக்கமாக வந்த விண்ணப்பம் அந்த அக்டோபரில் பதினாறு பக்கமாக வந்தது. தெரு எத்தனை மைல்? போலீஸ் நாய் உண்டா? நீச்சல் குளத்தில் குதிக்கும் பலகை உண்டா? ஆர்டிஸ் மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பினாள்.

இருபத்தேழாவது கேள்வி இது: 'எந்த விபத்திலாவது நகரசபை தன் தவறை ஒப்புக்கொண்டதுண்டா? இருந்தால் விவரிக்கவும்.'

உலகத்தில் உள்ள எல்லாச் செயலாளர்களும் அங்கே 'இல்லை' என்று எழுதுவார்கள். ஆர்டிஸ், 'ஆம். முப்பத்தொரு முறை. இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதினாள். நோட்டுப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து இணைத்தாள்.

மூன்றாம் வாரமே பதில் வந்துவிட்டது.

மேயர் டெல்மர் க்வாம் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஒரு திருகாணியைக்கூட எண்ணாமல் எடுத்துக் கொடுக்கமாட்டார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கவுன்சிலின் மற்ற நாலு பேர் முன்னால் அந்தக் கடிதத்தைப் படித்தார். பாலிசியைப் புதுப்பிக்க முடியாது. நகரசபை கெஞ்சிக் கேட்டுக்கொண்டால் டிசம்பர் 31 வரை நீட்டிப்பு தரலாம். அதுவும் ஒரு நிபந்தனையின் பேரில்: அடிபட்ட எவரையும் நகரசபை ஆட்கள் போய்ப் பார்க்கவோ, பேசவோ, எதையும் கொடுக்கவோ கூடாது. ஒழுங்காக நடந்துகொண்டால் ஜனவரியிலிருந்து புதுப் பாலிசி பற்றி யோசிப்பார்கள்.

"ஆர்டிஸ், 'இல்ல'ன்னு ஒரு வார்த்த எழுதினா கை ஒடிஞ்சிடுமா?" என்றார் டெல்மர்.

"ஒத்துக்கிட்டீங்களான்னு கேட்டிருந்தாங்க. ஒத்துக்கிட்டோம். வேற என்னத்த எழுத?"

"சரி, எழுதின. என்ன சமையல்னு எதுக்கு எழுதின? இங்க பாரு, 'மார்ச் 1974, சூரை மீனும் நூடுல்ஸும்'. அந்தக் கம்பெனிக்காரன் இத வாசிச்சுட்டு என்ன நெனச்சிருப்பான்?"

"பசிச்சிருக்கும்" என்றான் ஓரமாக உட்கார்ந்திருந்த நார்பர்ட்.

ஒருவரும் சிரிக்கவில்லை. காப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கு வந்தால் கவுன்சில்காரர்களின் சொந்த வீடும் நிலமும் சந்திக்கு வரும் என்று பயந்து, பக்கத்து மாவட்டத்தில் ஒரு கவுன்சில் மொத்தமாக ராஜினாமா செய்திருந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி டோர்விக்கில் பனி வண்டி கிளம்பாது. பிள்ளைகள் பலகையில் சறுக்கி விளையாடும் பனிச்சறுக்கு மேட்டுக்குப் பூட்டு. நூலகத்துக்குப் பூட்டு. இவ்வளவும் தன் பேனாவால் வந்தது என்று ஆர்டிஸுக்குக் காதெல்லாம் சுட்டது.

இன்னொரு வழி இருந்தது. கம்பெனிகள் கைவிட்ட நகரங்கள் சில சேர்ந்து தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டுக் காப்பு ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு ஊரும் வருஷம் ஒரு தொகையைப் போடும். எங்கே வழக்கு வந்தாலும் அந்தப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பார்கள். நல்ல வருஷம் என்றால் மீதி திரும்பி வரும். கெட்ட வருஷம் என்றால் எல்லோரும் இன்னும் கொஞ்சம் போட வேண்டும். ஆர்டிஸ் அதை எடுத்துச் சொன்னபோது டெல்மர் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத்தான் பார்த்தார்.

"ஹோலிங் இருக்கு இதுல."

ஹோலிங் எங்களுக்கு ஒன்பது மைல் தள்ளி இருக்கும் ஊர். 1971 ஐஸ் ஹாக்கிப் போட்டியில் அவர்கள் போட்ட கடைசி கோல் கோலே இல்லை என்பதில் எங்கள் ஊரில் கட்சி பேதமே கிடையாது.

"ஹோலிங்காரன் ரோட்டுல குழிய விடுவான், நான் பணம் கட்டணுமா? என் பொணம்கூட அதுக்குச் சம்மதிக்காது" என்றார் டெல்மர். நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆர்டிஸ் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில், "யாரையும் போய்ப் பாக்காத, ஆர்டிஸ். ரெண்டே மாசம். சமைக்காம இரு, போதும்" என்றார்.

"சரி" என்றாள் ஆர்டிஸ். ஊரே தன்னால் நடுத்தெருவில் நிற்கும்போது வேறென்ன சொல்வது?

நவம்பர் பதினாறாம் தேதி முதல் உறைபனி விழுந்தது. அன்று காலை வயலட் ஸ்டென்ருட் நூலகப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

வயலட்டுக்கு எழுபத்தெட்டு வயது. தனியாக இருப்பவர். ஐம்பது வருஷமாக லூத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, அவர்கள் எவ்வளவு மோசமாக வாசித்தார்கள் என்பதை இன்றுவரை மறக்காதவர். நார்பர்ட்தான் அவரைத் தூக்கி லாரியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

அன்று சாயங்காலம் ஆர்டிஸ் வழக்கம்போல வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். பாதி நறுக்கியபோதுதான் ஞாபகம் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, செய்வதை யார் தடுக்க முடியும் என்று முழுவதையும் செய்து முடித்து, ஆறவைத்து, உறைபெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நோட்டுப் புத்தகத்தில் முப்பத்திரண்டாவது வரியில் தேதியும் இடமும் பெயரும் எழுதினாள். நாலாவது கட்டம் வெறுமனே கிடந்தது. ஐந்தாவதைப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை. நூலகப் படிக்குக் கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும் என்று செப்டம்பரிலேயே குறிப்பு எழுதி டெல்மரிடம் கொடுத்திருந்தாள். இந்த இன்சூரன்ஸ் அமளியில் அது எங்கோ அடியில் போய்விட்டது.

ஆர்டிஸே போகவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று மற்றவர்களும் ஒதுங்கினார்கள். சிறிய ஊரில் செய்தி நடப்பதைவிட வேகமாக நடப்பது எச்சரிக்கை. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் தேவாலயத்தில் ஆர்கன் இல்லாமல் பாடினோம். ஆளாளுக்கு ஒரு சுருதி. வயலட் நாலாவது வரிசையில் கையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு உட்கார்ந்து, முகத்தைக்கூடச் சுளிக்காமல் அதைக் கேட்டார். அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

மளிகைக் கடையில் ஒரு நாள் வயலட் ஒற்றைக் கையால் ஒரு சூப் டப்பாவை எடுக்கத் திணறுவதை ஆர்டிஸ் பார்த்தாள். பார்த்தாள், கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, மாவு அடுக்கிய வரிசை வழியாக வெளியே போய்விட்டாள். காருக்குள் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான காரியம் செய்ததில்லை என்று அழுதாள்.

டிசம்பர் முதல் வாரம் கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து ஒரு வக்கீலின் கடிதம் வந்தது. வயலட் ஸ்டென்ருட் சார்பில் டோர்விக் நகரசபைமேல் வழக்கு.

பதினெட்டு வருஷத்தில் முதல் வழக்கு. இது ஒன்று போதும், இனி எந்தக் கம்பெனியும் டோர்விக் பக்கம் திரும்பிப் பார்க்காது. டெல்மர் கடிதத்தை நீட்டினார். "பாத்தியா? வாயத் தெறக்காம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார். தான் சொல்வதைத் தானே நம்பாத குரல்.

அந்த வாரமே கூட்டுக் காப்பிலிருந்து ஊரைப் பார்வையிட ஜோன் பெட்ரிச் என்ற பெண் வந்தாள். டெல்மருக்குத் தெரியாமல் ஆர்டிஸ்தான் விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பிப்பதற்கு ஓட்டு வேண்டாம், சேருவதற்குத்தான் வேண்டும் என்று விதியைப் படித்துப் பார்த்துக்கொண்டாள். ஜோன் இரும்புச் சுரங்கப் பக்கத்துக்காரி. வந்ததும் ஆர்டிஸ், "காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"குடுங்க" என்றாள் ஜோன்.

ஆர்டிஸ் ஆடிப்போனாள். எங்கள் பக்கம் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வோம். முதல் கேள்விக்கே 'குடுங்க' என்பவளிடம் பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. விண்ணப்பம், நிராகரிப்பு, நோட்டுப் புத்தகம், வக்கீல் கடிதம் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தாள்.

ஜோன் பனிச்சறுக்கு மேட்டையும் நூலகப் படியையும் லாரிக் கொட்டகையையும் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து நோட்டுப் புத்தகத்தை இரண்டு மணி நேரம் படித்தாள். நடுநடுவே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"முப்பத்தொரு பேரு. ஒரு வழக்குகூட இல்ல. முப்பத்திரண்டாவது ஆளு மட்டும் ஏன் வக்கீல்கிட்ட போனாங்க?"

"நான் போகல. போகக்கூடாதுன்னுட்டாங்க."

ஜோன் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் நூத்திப் பத்து ஊரு பாத்தாச்சு, ஆர்டிஸ். எங்க விபத்து நடந்துச்சு, என்ன சரிபண்ணினீங்கன்னு கேட்டா எல்லாரும் மோட்டுவளையப் பாப்பாங்க. உங்ககிட்ட தேதியோட இருக்கு. ஒரு எடத்துல ரெண்டாந்தடவ யாரும் விழல. நாங்க தேடறதே இதத்தான்."

"மன்னிப்புக் கேட்டதால கம்பெனி விட்டுட்டுப் போயிடுச்சே?"

"யாரு தப்பு, எவ்வளவு குடுப்போம்னு வாக்குக் குடுக்காதீங்கன்னு நாங்களும் சொல்லுவோம். அது எங்க வேல. ஆனா போய்ப் பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டோம்." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "இப்ப நீங்க எங்க ஆளு இல்ல. போங்கன்னும் நான் சொல்ல முடியாது, போகாதீங்கன்னும் சொல்ல முடியாது. காப்பி நல்லாருந்துச்சு."

ஆர்டிஸ் ஜன்னல் வழியாக அவள் கார் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போனால் நீட்டிப்பு ரத்தாகலாம். வேலை போகலாம். ஐம்பத்து நாலு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது? பிறகு அந்த சூப் டப்பா ஞாபகம் வந்தது. நேராக வீட்டுக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தாள்.

வயலட் கதவைத் திறந்தார். பாத்திரத்தைப் பார்த்தார். ஆர்டிஸைப் பார்த்தார்.

"ரொம்ப சீக்கிரம் வந்துட்ட" என்றார்.

"உள்ள வரலாமா?"

"குளிர உள்ள விடாத. வந்து தொல."

ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் யோசித்துவந்த ஒரு வாக்கியமும் வரவில்லை. "படிக்குக் கைப்பிடி வைக்கணும்னு செப்டம்பர்லயே எழுதிக் குடுத்தேன். வைக்கல. எங்க தப்புதான். அதவிடப் பெரிய தப்பு நான் வராம இருந்தது. கடையில உங்களப் பாத்துட்டு ஓடினேன். மன்னிச்சுக்கோங்க." ஜோன் கொடுத்த ஒரே புத்திமதியையும் அவள் முதல் மூச்சிலேயே காற்றில் விட்டுவிட்டாள்.

வயலட் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ ஓடினத நானும் பாத்தேன்" என்றார். "கை வலி எனக்குப் பெருசில்ல. ஆனா இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து, பதினோரு நாள், ரோட்டுல வர்ற ஒவ்வொரு காரையும் இங்கதான் நிக்கப்போகுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் நிக்கல. சரி, என்னத் தள்ளி வச்சுட்டாங்கன்னு நெனச்சேன். பன்னெண்டாம் நாளு என் தங்கச்சி மகனுக்கு போன் போட்டேன். அவன் வக்கீல். அவனாவது பேசுவானில்ல."

ஆர்டிஸ் அழுதாள். வயலட் அழவில்லை. ஐம்பது வருஷம் பிறர் வாசிப்பதைக் கேட்டவருக்கு அவ்வளவு எளிதில் அழுகை வராது.

"அத அடுப்புல வை. முந்நூத்தி அம்பது டிகிரி. வழக்கப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, கேட்டியா? சாப்பாடு வேற, வழக்கு வேற."

"கேட்டேன்."

"தட்டு ரெண்டா எடு."

டிசம்பர் பத்தொன்பது கூட்டத்தில் இரண்டு காகிதங்கள் மேசைமேல் இருந்தன. ஒன்று பழைய கம்பெனி அனுப்பிய புதுப் பாலிசி. வழக்கு விஷயம் இன்னும் அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று கூட்டுக் காப்பின் உறுப்பினர் ஒப்பந்தம். ஜோனின் அறிக்கையும் கூடவே: நூலகப் படிக்குக் கைப்பிடி, பனிச்சறுக்கு மேட்டில் மரங்களைச் சுற்றி வைக்கோல் கட்டு, இவற்றைச் செய்தால் டோர்விக்கைச் சேர்த்துக்கொள்ளலாம், நடக்கும் வழக்கைப் பற்றித் தெரிந்தே.

டெல்மர் வாய் திறப்பதற்குள் ஆர்டிஸ் எழுந்தாள். "குறிப்புல ஏறணும், அதனால நானே சொல்லிடறேன். நான் வயலட்டப் போய்ப் பாத்தேன். மன்னிப்புக் கேட்டேன்."

"வக்கீல் லெட்டர் வந்த பிறகா?"

"ஆமா."

"சாப்பாடு?"

"கொண்டுபோனேன்."

"ஆர்டிஸ்!" டெல்மர் முகம் சிவந்தது. "கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கோர்ட்டுல அந்தப் பாத்திரத்தயே சாட்சியா வைப்பாங்க! அடியில நம்ம ஊரு பேர வேற எழுதி வச்சிருக்க!"

"இந்தா, சாட்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கடைசி வரிசையில் வயலட். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கழுவித் துடைத்த பாத்திரத்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கட்.

"ஒத்தக் கையால சுட்டது. கோணலாத்தான் இருக்கும்" என்றார். "வக்கீல வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி பில்ல நகரசபை பாத்துக்கட்டும், அவ்வளவுதான். மொத நாளே யாராவது வந்து கேட்டிருந்தா மொத நாளே இதத்தான் சொல்லியிருப்பேன்." டெல்மரை ஏற இறங்கப் பார்த்தார். "நீகூட வரல, டெல்மர். எட்டு வருஷம் உனக்குப் பியானோ சொல்லிக் குடுத்தேன்."

"ஏழு வருஷம்" என்றார் டெல்மர் மெதுவாக.

"எட்டு. ஒரு வருஷம் நீ கத்துக்கல."

டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கம்பெனியின் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் காப்பு இல்லை என்ற பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். பனிச்சறுக்கு மேடு இல்லை. பனி வண்டி இல்லை. சாக்கடை எதிர்த்து வந்தால் இல்லை. நூலகப் படி, நடைபாதை, பழைய விபத்து எதுவும் இல்லை. நடக்கக்கூடிய எதற்கும் காப்பு இல்லை. நடக்கவே நடக்காததற்கெல்லாம் தாராளமாக இருந்தது. திருகாணியை எண்ணிக் கொடுக்கும் மனிதரின் கண்ணில் இது இதுவரை படாதது ஆச்சரியம்தான். கோபத்தில் இருப்பவன் கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை.

ஓட்டுக்கு விட்டார். கம்பெனிக்கு இரண்டு, கூட்டுக்கு இரண்டு. மேயரின் ஓட்டு மிச்சம்.

"ஹோலிங்காரன் எவனாவது குழிக்குள்ள விழுந்தா, நானே போய் அவன் முகத்தப் பாப்பேன். என் பணத்த எப்படிச் செலவு பண்றான்னு தெரியணும்ல" என்றார். "கூட்டுக்கு."

அந்த ஞாயிறு அவர் தன் கடையிலிருந்து இரும்புக் கம்பி எடுத்துப்போய், உறைபனியில் மண்டியிட்டு, நூலகப் படிக்குக் கைப்பிடியைத் தானே பொருத்தினார். ஆர்டிஸ் முப்பத்திரண்டாவது வரியின் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்.

ஜனவரி ஒன்றாம் தேதி பனி வண்டி கிளம்பியது. பனிச்சறுக்கு மேடும் திறந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, வைக்கோல் கட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று ஜோனுக்கு எழுத வேண்டியிருந்ததால் ஆர்டிஸ் மேட்டுக்குப் போனாள். பார்த்தால் மட்டும் எப்படித் தெரியும் என்று ஒரு பலகையில் உட்கார்ந்து தானே சறுக்கிவிட்டாள். பாதியில் பயந்து காலை வெளியே நீட்டினாள். கணுக்கால் பிசகியது. வைக்கோல் கட்டு அருமையாக வேலை செய்தது என்று நார்பர்ட் ஊரெல்லாம் சாட்சி சொன்னான்.

அன்று மதியம் கதவைத் தட்டும் சத்தம். டெல்மர் நின்றார். கையில் தகரத்தாள் மூடிய பாத்திரம். அவர் மனைவி அரிசோனாவில் மகள் வீட்டில் இருந்தாள். அவர் கோட்டில் சூப் சிந்தியிருந்தது.

"காப்பி?" என்றாள் ஆர்டிஸ், சோபாவில் காலை நீட்டியபடி.

"வேண்டாம், வேண்டாம்."

"கொஞ்சம்?"

"உனக்கு எதுக்குச் சிரமம்."

"அடுப்புல இருக்கு."

"சரி, அரைக் கப்பு." தானே போய் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார். "நகரசபை சார்பா... வருத்தம் தெரிவிச்சுக்கறேன்."

"என் கால நான்தான் நீட்டினேன். உங்க தப்பு ஒண்ணும் இல்லியே."

"யாரு தப்புன்னு நான் சொல்லவே இல்ல. ஜோன் சொல்லக்கூடாதுன்னிருக்கா." பாத்திரத்தை அடுப்படியில் வைத்தார். "வரணும்னு தோணுச்சு. வந்தேன்."

காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அவர் செய்த ஹாட்டிஷ் அடியில் கருகி, மேலே உப்பில்லாமல் இருந்தது. ஆர்டிஸ் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். நொண்டிக்கொண்டே போய் மீதியை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினாள். துடைக்கத் திருப்பியபோது அடியில் புது ஒட்டுப்பட்டை. கடையில் விலைச்சீட்டு எழுதும் அதே கட்டை எழுத்தில் டெல்மர் எழுதியிருந்தார்: 'டோர்விக் நகரம்'.

ஆர்டிஸ் ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு வார்த்தைகளை அவள் ஒருத்திதான் எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

முப்பத்து மூன்று. பிப்ரவரி 8, 1986. பனிச்சறுக்கு மேடு. ஆர்டிஸ் டோலெஃப்சன். கொத்துக்கறி ஹாட்டிஷ், மேயர் கொண்டுவந்தது. சரிசெய்தது: இனிமேல் செயலாளர் காலை உள்ளே வைத்துக்கொள்வார்.